கடமைக்கு எதற்கு நன்றி?

போன மாதம் சமய வகுப்பில் நன்றியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பெற்றோருக்கு நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம் என்று நான் சொன்னதும், பின்வரிசையில் இருந்த படிவம் நான்கு தம்பி ஒருவன் கையைத் தூக்கினான்.

"அண்ணா, பிள்ளைய வளக்கிறது பெத்தவங்க கடமைதானே? கடமையைச் செஞ்சதுக்கு எதுக்கு நன்றி? சம்பளம் வாங்கிக்கிட்டு வேலை செய்யறவங்களுக்கு யாராச்சும் நன்றி சொல்றாங்களா?"

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுடைய அப்பா லாரி ஓட்டுபவர். கிள்ளான் துறைமுகத்திலிருந்து ராத்திரியில் சரக்கு ஏற்றிப் போகிறவர். எங்கள் ஆண்டு விழாவுக்கு அவரால் வர முடியவில்லை. கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவனைவிடச் சின்ன வயதிலேயே அதே கேள்வி எனக்குள்ளும் இருந்தது.

என் அப்பா சுபாங் விமான நிலையத்தில் விமானப் பராமரிப்பு வேலை பார்த்தவர். 1965-இல் திறந்த சுபாங்தான், 1998-இல் சிப்பாங்கில் கேஎல்ஐஏ வரும்வரை, கோலாலம்பூரின் பெரிய விமான நிலையம். வரிசையாகக் குடை விரித்த மாதிரி கான்கிரீட் கூரை இருக்கும். விடுமுறை நாளில் அம்மா நாசி லெமாக் கட்டி எடுத்துக்கொள்வார். எல்லோரும் பார்வையாளர் மாடத்துக்குப் போவோம். அப்பா விரலை நீட்டிக் காட்டுவார். "அதோ போகுது பாரு, அதுக்கு நேத்து ராத்திரி நாங்கதான் டயர் மாத்தினோம்." அந்த விமானமே எங்கள் வீட்டுப் பொருள் மாதிரி எனக்குத் தோன்றும். ஊழியர் டிக்கெட்டில் ஒருமுறை பினாங்குக்குப் பறந்தோம். இடம் காலியாக இருந்தால்தான் ஏற்றுவார்கள். அரை நாள் காத்திருந்து ஏறினோம்.

இதற்கெல்லாம் நன்றி சொல்வது சுலபம். கஷ்டமானது இன்னொன்று.

எனக்குப் பத்து வயது. தீபாவளிக்கு முதல் நாள் அப்பாவுக்கு இரவு ஷிஃப்ட். காலை ஏழு மணிக்கு வேலை முடியும், எட்டுக்குள் வந்து எங்கள் தலையில் எண்ணெய் வைப்பார், பிறகு குளித்துப் பூஜை என்று பேச்சு. எட்டு போனது, பத்து போனது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் புதுச் சட்டையோடு எங்கள் வாசலைத் தாண்டிப் போனார்கள். அம்மாவே எண்ணெய் வைத்துவிட்டார். அப்பா வீடு வந்தபோது மணி இரண்டு.

ஷிஃப்ட் முடியும்போது ஒரு ஸ்பேனர் குறைந்ததாம்.

விமான வேலையில் கருவி ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு, பெட்டியில் அதற்கென்று ஓர் இடம் உண்டு. வேலை முடிந்ததும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்று குறைந்தால், அது கிடைக்கும்வரை, அல்லது விமானத்துக்குள் இல்லை என்று உறுதியாகும்வரை, அந்த விமானம் பறக்கக் கூடாது. ஸ்பேனர் குறைவதை முதலில் கவனித்தது அப்பாதான். கூட வேலை செய்தவர், "அண்ணே, எங்கிட்ட அதே சைஸ் ஒண்ணு இருக்கு, வச்சிடுவோம். பெருநாள் அதுவுமா, நீங்க வீட்டுக்குப் போங்க" என்றாராம். அப்பா நேராக மேலதிகாரியிடம் போய்ச் சொல்லிவிட்டார். மூடிய மூடிகளையெல்லாம் திரும்பக் கழற்றி, டார்ச் அடித்துத் தேடியிருக்கிறார்கள்.

அம்மாவிடம் அவர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் கத்தினேன். "ஒரு ஸ்பேனர்தானே! புதுசு வாங்கி வச்சா போதாதா? உங்களுக்கு எங்களவிட ப்ளேன்தான் முக்கியம்!"

அப்பா கோபப்படவில்லை. "புதுசு வாங்கிடலாம்யா. பழசு எங்க கிடக்குன்னு தெரியாதே" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். ஆறிப்போன இட்லியைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்.

அந்த ஸ்பேனர் விமானத்திலேயே இல்லை. இன்னொருவர் பெட்டியில் தவறிப்போய்க் கிடந்திருக்கிறது. அதைக் கேட்டபோது என் கோபம் இன்னும் கூடியது. ஒன்றுமே இல்லாததற்காக எங்கள் தீபாவளி போய்விட்டதே!

2000-ஆம் ஆண்டு, நான் எஸ்பிஎம் எழுதும் வருஷம். ஜூலை 25 அன்று பாரிஸிலிருந்து கிளம்பிய கான்கார்ட் விமானம் தீப்பிடித்து விழுந்தது. விமானத்தில் இருந்தவர்களும் தரையில் இருந்தவர்களுமாக 113 பேர் இறந்தார்கள். முன்னால் போன வேறொரு விமானத்திலிருந்து ஓடுபாதையில் விழுந்து கிடந்த ஓர் உலோகப் பட்டை அதன் டயரைக் கிழித்ததுதான் தொடக்கம் என்று விசாரணையில் தெரிந்தது. அரை மீட்டருக்கும் குறைவான பட்டை. அப்பா அந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் ஆறிப்போன அந்த இட்லி ஞாபகம் வந்தது.

தம்பியின் கேள்விக்கு வருகிறேன். அவன் சொன்னதில் பாதி சரி. அப்பா சம்பளம் வாங்கினார், வேலை செய்தார். ஆனால் சம்பளம் அவருடைய நேரத்துக்கும் உழைப்புக்கும். யாருக்கும் தெரியாமல் மறைத்துவிடக்கூடிய ஒன்றை, "குறையுது" என்று தானே வாய்திறந்து சொன்னாரே, அதற்குச் சம்பளச் சீட்டில் வரி கிடையாது. பலனைப் பார்த்துக் கடமையைச் செய்யாதே என்று கீதை சொல்வதாக நானும் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஸ்பேனர் உள்ளே இல்லாவிட்டாலும் தேடியது சரிதான் என்பது அதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம்.

அன்று அந்த விமானத்தில் ஏறியவர்கள் அப்பாவுக்கு நன்றி சொல்லவில்லை. அவர்களுக்கு அவரைத் தெரியாது. தெரிந்தவர்கள் நாங்கள்தான். அதன் விலையில் ஒரு பங்கைக் கொடுத்தவர்களும் நாங்கள்தான். திருக்குறளில் 11-வது அதிகாரத்தின் பெயரைக் கவனித்துப் பாருங்கள்: செய்ந்நன்றி அறிதல். சொல்லுதல் என்றோ திருப்பிக் கொடுத்தல் என்றோ பெயர் வைக்கவில்லை. செய்த நன்மையை அறிவதுதான் முதல் வேலை. என் அப்பா எனக்காக என்ன செய்தார் என்று எனக்குத் தெரியும் என நினைத்திருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் வராத நாட்கள்தான்.

அப்படி அறிந்த பிறகு கடனை எப்படி அடைப்பது? மனிதன் தேவர்களுக்கும் ரிஷிகளுக்கும் பித்ருக்களுக்கும் கடன்பட்டே பிறக்கிறான் என்பது நம் மரபு. ரிஷிகளின் கடனை ரிஷிகளிடமே கொண்டுபோய்க் கொடுப்பதில்லை; படித்து, அடுத்தவருக்குச் சொல்லித் தருகிறோம். அப்பாவின் கடனும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். கட்டடங்களில் தீயணைப்புக் கருவிகளைச் சோதிப்பது என் வேலை. ஒருநாள் லிஃப்ட் பழுது. மேல்மாடிக்கு ஏறாமலேயே அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை படியேறிப் போய்ச் சோதித்துவிட்டு வந்தேன். அந்த மாடியில் இருப்பவர்களுக்கு என்னைத் தெரியாது.

வகுப்பு முடிந்த அன்று வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம், "அந்தத் தீபாவளிக்கு உங்ககிட்ட அப்படிக் கத்தினேனேப்பா, மன்னிச்சிருங்க" என்றேன்.

"எந்தத் தீபாவளி?" என்றார் அப்பா.

அவர் நடிக்கவில்லை. அவருக்கு அப்படிப் பல நாட்கள்.

மறுவாரம் அந்தத் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டேன். "நன்றி சொல்லணும்னு நான் சொல்லல. உங்கப்பா வீட்டுல இருக்கற நாளா பாத்து, ராத்திரி ரோட்டுல என்ன நடக்குதுன்னு மட்டும் கேளு. கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணு" என்றேன்.

"கேட்டுப் பாக்கறேன் அண்ணா" என்றான்.

நீங்களும் இந்த வாரம் உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.