வாசிப்பும் வாழ்வும்

நாள்தோறும் வேதாகமம் வாசிப்பதனால் மனிதன் மாறிவிடுகிறானா? யாழ்ப்பாணத்துக்கு இது பழைய வினா.

நல்லூர் ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரோடு அமர்ந்து ஆண்டுக்கணக்கில் வேதாகமத்தைத் தமிழாக்கினார். அம்மொழிபெயர்ப்பு 1850-இல் வெளிவந்தது. சொற்சொல்லாக அதனை நிறுத்துப் பார்த்த அவர் மதம் மாறவில்லை. பாதிரிமாரின் பிரசங்கம், பாடசாலை, அச்சகம் ஆகியவற்றைச் சைவத்துக்காகக் கைக்கொண்டார். சாதி வரம்பை மட்டும் அவர் கைவிடவில்லை.

அவரைக் குறைகூறி நாம் தப்பிவிடலாகாது. ஞானஸ்நானம் பெற்ற உயர்சாதியினர் இல்லங்களிலும் காலையில் வேதம் ஒலித்தது. உழைத்துக் களைத்தவனுக்கு வாசலில் சிரட்டையிலேயே தண்ணீர் வார்க்கப்பட்டது. 1929-இல் பாடசாலைகளில் சம ஆசனம் வந்தபோது குடாநாட்டில் எதிர்ப்பு மூண்டது.

நல்ல சமாரியன் கதையில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் விலகிப் போனவர்கள் வேதம் அறியாதவர்களா? ஒருவன் ஆசாரியன், மற்றவன் லேவியன். காயத்தைக் கட்டியவனோ அவர்கள் இழிவாகக் கருதிய இனத்தவன். வாசிப்பு வேறு, வாசித்தபடி நிற்றல் வேறு என்பதை அந்நூலே ஒப்புக்கொள்கிறது.

குறளையும் மார்க்ஸையும் வாசிக்கும் நமக்கும் இது பொருந்தும். படித்த பக்கங்களை எண்ண வேண்டாம். இன்று யார் அருகில் அமர்ந்தோம், யார் கையால் தண்ணீர் வாங்கிப் பருகினோம் என்று எண்ணுவோம்.