தாங்குவோரும் தாங்கச் சொல்வோரும்

துன்பத்தில் தளராதவரைப் புகழாத சமூகம் இல்லை. வெள்ளம் வடிந்ததும் ஊரின் மனவுறுதியைப் பாராட்டுகிறார்கள். ஆலை மூடப்பட்டால் வேலையிழந்தவரின் தன்னம்பிக்கையைப் பாராட்டுகிறார்கள். பாராட்டில் பெரும்பாலும் உண்மை உண்டு. ஆனால், தாங்கப்படும் துன்பம் இயற்கையால் வராமல் இன்னொருவரின் ஆதாயத்துக்காக வந்திருந்தால் அந்த உறுதியைப் புகழ்வது முறையா? இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது?

இந்தக் கேள்வி பாலாற்றுப் படுகையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்கப்பட்டு வருகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என நீளும் தோல் தொழில் வட்டாரம் இது. இன்று திருப்பத்தூர், வேலூர், ராணிப்பேட்டை என்று மூன்று மாவட்டங்களாகப் பிரிந்திருந்தாலும் நிலத்தடி நீர் பிரியவில்லை. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டார்கள். குரோம் பதனீடு பரவியபின் வேலை வேகமானது, ஏற்றுமதி பெருகியது, கழிவின் தன்மையும் மாறியது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் குறிப்பிட்டது. அந்தத் தண்ணீர் உப்பையும் சுண்ணாம்பையும் குரோமியத்தையும் சுமந்துகொண்டு வாய்க்காலிலும் ஏரியிலும் ஆற்றிலும் கலந்தது. தோல் தொழில் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போனதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் கணக்கிட்டதும் அதே தீர்ப்பில் பதிவாகியுள்ளது. கிணறு உப்பேறிய பின்னும் ஊரைவிட்டுப் போகாமல் இருந்த குடும்பங்களின் உறுதியை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அவர்கள் தாங்கியது பஞ்சத்தை அல்ல. பிறர் பிழைப்பின் கழிவை அவர்கள் தாங்கினார்கள்.

அறநூல்கள் இந்த வேறுபாட்டை நெடுங்காலமாக அறிந்திருக்கின்றன. வள்ளுவர் பொறையுடைமையை அறத்துப்பாலின் இல்லறவியலில் வைத்தார். இடுக்கண் அழியாமையையும் வினைத்திட்பத்தையும் பொருட்பாலில், அரசுக்கும் அமைச்சுக்கும் உரிய பகுதிகளில் வைத்தார். தனி மனிதருக்குள் பழகும்போது பொறுத்தல் பண்பாகிறது. ஆளும் பொறுப்பில் இருப்பவருக்கோ எடுத்த செயலை முடிக்கும் உறுதிதான் கடமை. ஐரோப்பிய அற மரபில் ‘ஃபார்ட்டிட்யூட்’ என்று வழங்கும் திண்மைக்கு, வலிமையைக் குறிக்கும் ‘ஃபோர்ட்டிஸ்’ என்ற லத்தீன் சொல்லே வேர். நான்கு தலையாய நற்பண்புகளில் ஒன்றாக அதைப் போற்றியவர்களும் ஒரு நிபந்தனை விதித்தார்கள். நான்காம் நூற்றாண்டில் மிலான் நகரின் ஆயராக இருந்த அம்புரோஸ், நீதியோடு சேராத திண்மை அநீதிக்குக் கருவியாகிவிடும் என்று எச்சரித்தார். எதற்காகத் தாங்குகிறோம், யாருக்காகத் தாங்குகிறோம் என்று கேட்காத உறுதி, தவறு செய்பவருக்கு வசதியாகவே முடியும்.

மறுபக்க வாதத்தையும் நேர்மையாக எடை போட வேண்டும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோலும் ஷூவும் இல்லாமல் அடுப்பெரியாத வீடுகள் ஏராளம். ஷூ கம்பெனி வேலையால் பல பெண்களின் கைக்கு முதல்முறையாகச் சொந்தச் சம்பளம் வந்தது. பிற வேலைகள் மறுக்கப்பட்ட சமூகத்தவருக்கு இந்தத் தொழில்தான் வழிவிட்டது. சிறு டேனரி நடத்துபவரால் பெரிய சுத்திகரிப்புக் கருவிகளைத் தனியாக வாங்கி நிறுவ முடியாது. உப்பு வேறு எளிதில் நீங்குவதில்லை. வழக்கமான சுத்திகரிப்பில் அழுகும் பொருள்கள் குறையும், குரோமியத்தைப் படிய வைத்துப் பிரிக்கலாம். கரைந்த உப்போ நீரோடு நீராகவே வெளியேறும். அதைப் பிரிக்கச் சவ்வு வடிகட்டலும் கொதிகலனும் வேண்டும், மின்சாரச் செலவு ஏறும், கடைசியில் மிஞ்சும் உப்பு மூட்டைகளை எங்கே வைப்பது என்ற சிக்கலும் வரும். இவை அத்தனையும் மெய்தான். தொழிலை மூடச் சொல்வது எளிது, மூடியபின் வரும் பசிக்குப் பதில் சொல்வது கடினம்.

எனினும் இந்த வாதத்தால் நிலைநாட்டப்படுவது ஒன்றே: சுத்திகரிப்புக்கு விலை உண்டு. அந்த விலையை உழவர் தம் கிணற்றால் கொடுக்க வேண்டும் என்பது அதனால் நிரூபணம் ஆவதில்லை. இந்தத் தோல் காலணியாகி ஐரோப்பியக் கடைகளில் விற்கிறது. ஏற்றுமதியாளருக்கு லாபம், அரசுக்கு அந்நியச் செலாவணி, தொலைவில் வாங்குபவருக்கு மலிவு விலை. ஆதாயம் இத்தனை பேருக்குப் பங்காகும்போது இழப்பு மட்டும் ஒரு கிராமத்தின் பொறுமை மீது விழுவது நியாயம் ஆகாது.

இதைச் சட்டத்தின் மொழியில் சொல்ல வைத்தது வேலூர்க்காரர்களின் விடாப்பிடி. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தோல் தொழில் நாட்டுக்கு முக்கியமானது என்பதை ஏற்ற நீதிமன்றம், சூழலை அழிக்கும் உரிமை அதற்கு இல்லை என்று உறுதியாகச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்த நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்றும் அறிவித்தது. அந்தத் தீர்ப்பின் அற உள்ளடக்கம் மிக எளியது. தாங்கும் கடமையைத் தாங்கிக்கொண்டிருந்தவரிடமிருந்து எடுத்து, துன்பத்துக்குக் காரணமானவர் தோளில் அது வைத்தது.

அதன்பின் நடந்தவை அத்தனை எளிதாக இல்லை. தீர்ப்பின்படி அமைந்த இழப்பீட்டு ஆணையம் 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் வழங்க ஆணையிட்டது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சராசரியாக ஒன்பதாயிரம் ரூபாய்ச் சொச்சம், ஒரு தலைமுறையின் நிலத்துக்கு. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் பாலாற்று மாசு பற்றித் தீர்ப்பளித்து, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும், பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு கொடுத்து அதை மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்கவும் உத்தரவிட வேண்டியிருந்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள். இவ்வளவு காலம் பொறுத்தவர்களின் திண்மையைப் போற்றலாம். அவர்களைப் பொறுக்க வைத்த நிர்வாகத்தை மன்னிக்க முடியாது.

தாங்கச் சொல்லப்பட்டவர்கள் உழவர்கள் மட்டுமல்ல. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் உயிரிழந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். மொழி தெரியாத ஊரில், கழிவுத் தொட்டியின் ஓரத்தில் உறங்கியதை உழைப்பாளியின் எளிமை என்று எந்த மனசாட்சியும் மெச்ச முடியாது. தொழிலாளியின் பிழைப்பைக் காட்டி மாசுக்கு அவகாசம் கேட்பவர்கள், அதே தொழிலாளி எங்கே படுக்கிறார் என்பதற்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

அப்படியானால் தளராமை எப்போது முழுமையான அறமாகிறது? அதற்கும் வேலூரிலேயே சான்று உண்டு. சி.எம்.சி. மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் நடந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, அந்தத் துறைக்குத் தலைமையேற்றார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972-இல் பத்மஸ்ரீ விருது அவருக்குக் கிடைத்தது. அவருடைய மனவுறுதி வியப்புக்குரியது, அதனினும் மேலானது அவர் அதைச் செலவிட்ட விதம். தமக்கு நேர்ந்ததைத் தாம் வென்றதோடு நிற்காமல், அடுத்து முதுகுத்தண்டு முறிந்து வருபவருக்கு அதே அளவு வீரம் தேவைப்படாதபடி ஓர் இடத்தை உருவாக்கினார். அவரைத் தாங்க ஓர் ஆசிரியரும் ஒரு மருத்துவமனையும் முன்வந்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. தனியே விடப்பட்டிருந்தால் அந்த உறுதியும் ஓர் அறைக்குள் முடங்கியிருக்கக் கூடும்.

இங்கிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. ஒருவரின் உறுதி அடுத்தவரின் சுமையைக் குறைத்தால் அது அறம். அதே துன்பம் அடுத்த தலைமுறைக்கும் தொடர அது இடம்கொடுத்தால், தாங்கியவர் மீது குற்றமில்லை, தாங்க விட்டவர்களே குற்றவாளிகள். நீதிமன்றப் படியேறிய குடிமக்கள் மன்றமும் மேரி வர்கீஸும் இந்த அளவுகோலில் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

ஆகவே இன்று பாலாற்றுப் படுகையில் மனவுறுதி காட்ட வேண்டியவர்கள் வேறு. இரவில் கழிவைத் திறந்துவிட மறுக்கும் உறுதி டேனரி உரிமையாளருக்கு வேண்டும். செல்வாக்குக்கு வளையாமல் கதவை மூடி முத்திரையிடும் உறுதி அதிகாரிக்கு வேண்டும். சுத்தமாகப் பதனிட்ட தோலுக்கு உரிய விலை கொடுக்கும் உறுதி வாங்கும் நிறுவனங்களுக்கு வேண்டும். சிறு டேனரிகள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் செலவைச் சுமக்க அரசு துணை நிற்க வேண்டும். உழவரும் தொழிலாளியும் தங்கள் பங்குக்குப் பொறுத்தாகிவிட்டது. இனி அவர்களிடம் பொறுமை கேட்பது அறமல்ல.