இல்லாத புருவம்

செப்டம்பர் முதல் ஞாயிறு, காலை ஆறரை மணி. சோழிங்கநல்லூர்–மேடவாக்கம் சாலையோரம் பைக்கை நிறுத்திவிட்டு, பெரும்பாக்கம் சதுப்பைப் பார்த்தபடி நானும் சாரும் நின்றிருந்தோம். சார் என்றால் எங்கள் அடுக்ககத்தின் இரண்டாவது மாடிக்காரர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்குப் பறவை பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

நமக்கு இலையுதிர்காலம் என்று ஒன்று கிடையாது. ஆவணி முடிகிற நேரத்திலும் சென்னையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் சைபீரியாவில் குளிர் தொடங்கப்போகிறது என்ற சேதி உள்ளான்கள் வழியாக இங்கே வந்து சேர்ந்துவிடுகிறது. அன்று சேற்றில் பொறி உள்ளான்கள் பத்துப் பன்னிரண்டு மேய்ந்துகொண்டிருந்தன. இந்த மாதத்தில் பறவை பார்க்கிற பலருக்கும் ஒரு சின்னப் பேராசை இருக்கும். வலசை வருகிறவற்றில் ஏதாவது ஒன்றையாவது, இந்தப் பருவத்தில் முதன்முதலாக, நாம் பார்த்துவிட வேண்டும்.

நாமக்கோழிகளுக்கு நடுவே ஒரு சிறிய வாத்து தெரிந்தது. முகத்தில் ஒரு கருங்கோடு. இரண்டு நொடிதான் இருக்கும், கோரைக்குள் போய்விட்டது.

“நீலச்சிறகி சார்!”

“இருக்கலாம் தம்பி. குள்ளத்தாரா பெட்டைக்கும் கண்ணுல அப்படி ஒரு கோடு உண்டு. நான் சரியா பாக்கல.”

அவர் தன் நோட்டில் ‘வாத்து 1?’ என்று எழுதினார். நான் கைப்பேசியில் ஈபேர்ட் செயலியைத் திறந்து ‘நீலச்சிறகி 1’ என்று பதிந்தேன். அதோடு விட்டிருக்கலாம். குறிப்பு எழுதும் பெட்டியில், ‘ஆண். வெண்புருவம் தெளிவாகத் தெரிந்தது’ என்றும் சேர்த்தேன். புருவத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் அதை எழுதும்போது பார்த்த மாதிரியேதான் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில் யாரோ ஏழு நீலச்சிறகிகளைப் படம்பிடித்து வாட்ஸப் குழுவில் போட்டார்கள். “நீங்கதான் ப்ரோ ஃபர்ஸ்ட்” என்று ஒருவர் கட்டைவிரலை உயர்த்தினார். சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்றிரவு பறவைக் கையேட்டைப் புரட்டியபோதுதான் வயிற்றில் ஏதோ செய்தது. இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண் நீலச்சிறகி பளிச்சென்ற இறகுகளை உதிர்த்துவிட்டு, குளிர்காலத்தில் பாதிவரை ஏறக்குறைய பெட்டையைப் போலத்தான் இருக்குமாம். செப்டம்பரில் அந்த வெண்புருவம் இருக்காது. நான் எழுதியது சதுப்பில் இருந்த பறவையை அல்ல, புத்தகத்தில் இருந்த படத்தை.

டபிள்யூ. கே. கிளிஃபோர்ட் என்று ஒரு ஆங்கிலேயக் கணிதவியலாளர். கிளிஃபோர்ட் இயற்கணிதம் அவர் பெயரில்தான் இருக்கிறது. 1877இல் அவர் நம்பிக்கையின் அறம் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழையது, பழுது பார்க்க வேண்டும் என்ற சந்தேகம் அவருக்கு இருக்கிறது. செலவை நினைத்து, ‘இத்தனை புயலைத் தாண்டிய கப்பல்தானே’ என்று தன்னைத்தானே சமாதானம் செய்து, மனதார நம்பி அனுப்பிவைக்கிறார். கப்பல் மூழ்குகிறது. பயணிகளின் சாவுக்கு அவர்தான் பொறுப்பு என்று நாமும் சட்டெனச் சொல்லிவிடுவோம். கிளிஃபோர்டின் நிஜமான கேள்வி அடுத்தது. கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தால்? அப்போதும் அவர் அதே அளவு குற்றவாளிதான் என்கிறார். அப்படி நம்புவதற்கான உரிமையை அவர் சம்பாதிக்கவில்லை.

என் கப்பல் கரை சேர்ந்த கப்பல். ஏழு நீலச்சிறகிகள் வந்தேவிட்டன. (அலுவலகத்தில் ஓட்டிப் பார்க்காத டெஸ்ட்டை ‘ஓட்டியாச்சு’ என்று சொல்லி ரிலீஸை அனுப்பிய ஒரு வெள்ளிக்கிழமையும் உண்டு. எதுவும் உடையவில்லை. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.)

நண்பன் ஒருவனிடம் சொன்னேன். “விடுடா, ஏரிக்கு நல்லதுதானே?” என்றான். லேசான வாதம் இல்லை இது. பக்கத்திலேயே பள்ளிக்கரணை 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அங்கெல்லாம் என்ன பறவை வருகிறது என்பதற்குச் சான்று வேண்டும். 2023இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, என்னைப் போன்ற முப்பதாயிரம் பேர் பதிந்த சுமார் 3 கோடிப் பதிவுகளை வைத்து 942 இனங்களை மதிப்பிட்டது. மூணு கோடியில் ஒரு வாத்து.

ஆனால் செயலி ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி கேட்கும். அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் பதிந்துவிட்டாயா? ‘ஆம்’ என்று சொன்னால் நான் எழுதாமல் விட்டதும் தரவுதான். அன்று அங்கே அது கண்ணில் படவில்லை என்று கணக்காகும். அப்போது பார்க்காததை எழுதுவது என்ன கணக்கு?

நாங்கள் இருக்கும் அடுக்ககம் நின்ற இடத்திலும் ஒருகாலத்தில் தண்ணீர் நின்றது. 2015 டிசம்பரில் அது பார்க்கிங்குக்குத் திரும்பி வந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. யாரோ ஒருவர் இது கட்டத் தகுந்த நிலம் என்று எழுதிக் கையெழுத்திட்டிருப்பார். அவர் பொய்யர் என்று நான் நினைக்கவில்லை. கோடையில் வந்து பார்த்திருப்பார், நம்ப ஆசைப்பட்டிருப்பார். கடன் வாங்கி வீடு வாங்கிய நானும்தான்.

வில்லியம் ஜேம்ஸ் 1896இல் கிளிஃபோர்டுக்குப் பதில் சொன்னார். சில விஷயங்களில் நாம் முதலில் நம்பினால்தான் அது நிஜமாகவே நடக்கும், சான்றுக்காகக் காத்திருக்க முடியாது என்றார். நட்பு அப்படித்தான், ஒத்துக்கொள்கிறேன். வாத்து அப்படி இல்லை.

போன ஞாயிறு சதுப்புக்குப் போகும் முன் பதிவைத் திறந்து நீலச்சிறகியை நீக்கி, ‘வாத்து, இனம் தெரியவில்லை’ என்று மாற்றினேன். குறிப்பை அழித்தேன். சாரிடம் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கித்தான் போனது. புருவத்தையும் சொன்னேன், அதுதான் கஷ்டமாக இருந்தது.

அவர் சிரிக்கவில்லை. நோட்டைப் பின்னால் புரட்டி அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினார். கேள்விக்குறியை இரண்டு முறை ரப்பரால் அழித்து, மறுபடி எழுதியிருந்த தடம் பேப்பரில் தெரிந்தது.

“எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு தம்பி” என்றார்.