அம்மாவுக்குக் காட்டிய பொறுமை

கந்தப்பளைத் தோட்டங்களில் என் அம்மாவின் வயதுடைய கத்தோலிக்கப் பெண்கள் பலர் கருத்தடை ஒபரேஷன் செய்துகொண்டவர்கள். அம்மாவும் மூன்றாவது பிள்ளையோடு செய்துகொண்டார். 1980களில் அரசாங்கம் அதற்கு ஊக்கப்பணமும் கொடுத்தது. ஆனால் 1968இல் பாப்பரசர் ஆறாம் பவுல் வெளியிட்ட ‘ஹுமானே வீத்தே’ சுற்றுமடல் இந்த ஒபரேஷனைத் தெளிவாகத் தடைசெய்கிறது. தாம்பத்திய உறவு ஒவ்வொன்றும் பிள்ளைப்பேற்றுக்கு இடம்விட வேண்டும் என்பது சபையின் போதனை. அம்மா சாகும்வரை பூசையில் நற்கருணை நன்மை வாங்கினார். மாதா திருவிழாவுக்குப் பூ கட்டினார். எந்தப் பங்குச் சாமியும் அவரைத் தடுத்து நிறுத்திக் கேள்வி கேட்கவில்லை. கொழுந்துக் கூடையின் பாரமும், குடும்பமே படுத்தெழும்பும் ஒற்றை லயக் காம்பிராவும் சாமிமாருக்குத் தெரியும்.

கோயில் கல்யாணம் இல்லாமலே சேர்ந்து வாழ்ந்தவர்களையும் எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, வீடு தேடிப் போய்ப் பேசி, வருடக்கணக்காகக் காத்திருந்து அவர்களுடைய கல்யாணத்தை ஒழுங்குபடுத்தி வைத்த சாமிமார் இருந்தார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. மலையகத்தில் சபை செய்த மிக நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று.

அந்தப் பொறுமை என் தம்பிக்குக் கிடைக்கவில்லை.

அவன் மனம் சிறு வயதிலிருந்தே ஆண்கள் பக்கம்தான் போனது. இப்போது நுவரெலியாவில் இன்னொருவரோடு வாழ்கிறான். ஞாயிறு தவறாமல் பூசையில் கீபோர்ட் வாசிக்கிறான். நன்மை கொடுக்கும் நேரத்தில் பாட்டு முடிந்த பிறகும், கடைசி ஆள் பெஞ்சுக்குத் திரும்பும்வரை மெதுவாக வாசித்துக்கொண்டே இருப்பான். வாசிப்பை விட்டு எழும்ப முடியாததால்தான் அவன் முன்னுக்குப் போவதில்லை என்று சனம் நினைக்கும். ஒருநாள் கேட்டேன். “பாவசங்கீர்த்தனத்துல அவர விட்டாத்தான் மன்னிப்புன்னு சொல்லிட்டாங்க அக்கா. விடுறேன்னு பொய் சொல்லிட்டு எப்படி நன்மை வாங்குறது?” என்றான். நன்மையை இவ்வளவு பயபக்தியோடு நினைப்பவனைத்தான் நாம் தூரத்தில் நிறுத்தியிருக்கிறோம்.

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுப்பவள் நான். போதனை எனக்குத் தெரியாததல்ல. 1992இல் வந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல், ஒருபால் உறவுச் செயல்கள் இயல்பிலேயே ஒழுங்கு தவறியவை என்று 2357ஆம் எண்ணில் சொல்கிறது. ஒருபால் ஈர்ப்புள்ளவர்களை மரியாதையோடும் இரக்கத்தோடும் ஏற்க வேண்டும், அநியாயமாக ஒதுக்கும் எந்த அடையாளமும் கூடாது என்கிறது 2358. கற்பு நெறிக்கு அழைப்பது 2359. மூன்றும் சபையின் போதனைதான். நான் பிரசங்கத்தில் கேட்டது முதலாவதை மட்டுமே.

“உன் அம்மா செய்தது ஒரு தடவை நடந்து முடிந்தது, இவன் தொடர்ந்து செய்கிறான்” என்று ஒருவர் சொல்லலாம். சேர்ந்து வாழ்ந்த சோடிகளும் தொடர்ந்துதானே வாழ்ந்தார்கள்? அவர்களுக்குக் கடைசியில் ஒரு கல்யாண வழி இருந்தது, இவனுக்கு இல்லை என்றால், அது உண்மை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. வழியே இல்லாதவனிடம் வாழ்நாள் முழுதும் தனித்திரு என்கிறோம். மணமாகாமல் இருப்பது கடவுள் கொடுக்கும் வரம், அவரவருக்கு அவரவர் வரம் என்றுதான் புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். குருமார் அந்த வரத்தை வருடக்கணக்கில் சோதித்துப் பார்த்து, தாங்களாகவே ஏற்கிறார்கள். என் தம்பியிடம் யாரும் கேட்கவில்லை, கட்டளையாகவே கொடுத்துவிட்டார்கள்.

2023 டிசம்பர் 18இல் வத்திக்கான் வெளியிட்ட ‘ஃபிதூசியா சுப்ளிக்கான்ஸ்’ பிரகடனம், கோயில் கல்யாணம் இல்லாத சோடிகளையும் ஒருபால் சோடிகளையும் ஒரே தலைப்பின் கீழ் வைத்துப் பேசுகிறது. அது பேசும் ஆசீர் கல்யாணமல்ல, வழிபாட்டுச் சடங்குமல்ல. ஆனால் ஆசீர் கேட்டு வருபவர்களுக்கு, கல்யாணம் என்று குழம்ப இடமில்லாதபடி, சாமி ஆசீர் கொடுக்கலாம் என்கிறது. போதனையை மாற்றாமலே இவ்வளவு தூரம் வர ரோமாபுரியால் முடிந்திருக்கிறது. அம்மாவைப் போன்ற பெண்களுக்கு நம் சாமிமார் எந்தக் கடிதத்துக்கும் காத்திராமல் செய்ததும் இதே வகைக் காரியம்தான்.

அதே வருடம் ஜனவரியில், ஒருபால் ஈர்ப்போடு இருப்பது குற்றமல்ல என்று பாப்பரசர் பிரான்சிஸ் வெளிப்படையாகச் சொன்னார். இலங்கையில் 1883இல் வெள்ளைக்காரன் போட்ட தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ பிரிவுகள் ஒருபால் உறவுச் செயல்களைக் குற்றமாக வைத்திருக்கின்றன. 1995இல் செய்த திருத்தம் பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தது. அவற்றைத் திருத்தும் மசோதா அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் முடிவு சொன்ன பிறகும் அது சட்டமாகவில்லை.

எங்கள் கண்டி மறைமாவட்டத்துச் சாமிமாரிடம் நான் கேட்பது புதுப் போதனை அல்ல. ஒரு ஞாயிறு 2358ஐ எடுத்துத் தமிழில் பிரசங்கம் வையுங்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிறவனிடம், முடிவைச் சொல்லும் முன் அவன் வாழ்க்கையைக் கேளுங்கள். லயத்து அம்மாமாரிடம் காட்டிய பொறுமையை அவர்கள் பெற்ற பிள்ளைகளிடமும் காட்டுங்கள்.