கவலையும் திருவமுதும்

பசி உடம்பின் தொழில், கவலை உள்ளத்தின் தொழில் என்று இவ்விரண்டனையும் வேறு பிரித்துப் பேசுதல் உலகினர் வழக்கு. சித்தாந்த நூலுணர்ந்தார்க்கு அஃது உடன்பாடன்று. பொறிகள் உயிரானன்றித் தாமாக ஒன்றனையும் அறியமாட்டா என்பது சிவஞானபோதத்து ஐந்தாஞ் சூத்திரத்தின் துணிபு. நாவோடு மனங் கூடிய வழியே உயிர் சுவையறியும். மனம் பிறிதொன்றனைப் பற்றி ஐயுற்று உழலும்பொழுது, இலையிலிட்ட அமுது வாயிற் புகுந்தும் சுவையாகாது கழிகின்றது. ஆதலின், கவலையுற்றான் உணவை வெறுத்தல் செருக்குமன்று, பிடிவாதமுமன்று.

இதற்கு மறுதலையும் உண்டு. சென்ற ஆண்டு எம் இல்லாளுக்கு அறுவை மருத்துவம் நிகழ்ந்த இரவில் யாம் மருத்துவமனைத் தாழ்வாரத்து அமர்ந்திருந்தேம். வறுத்த நிலக்கடலைப் பொட்டலமொன்று கையிலிருந்தது. அது வெறுந் தாளாயின பின்னரே, உண்டவர் யாம் என்று அறிந்தேம். பசியுமில்லை, சுவையுமில்லை. இக்கால மருத்துவர் இவ்விரு நிலைக்குங் காரணங் கூறுவர். திடீரென அச்சம் நேரின், குருதி இரைப்பையை விட்டுக் கைகால்களை நோக்கி ஓடப் பசி அடங்கும். கவலை பன்னாள் நீடிப்பின், கார்ட்டிசால் என்னுஞ் சுரப்புநீர் மிகுந்து இனிப்பையும் நெய்ப்பண்டத்தையும் அவாவச் செய்யும்.

அவ்விரவில் பழைய நிகழ்ச்சியொன்று எம் நினைவில் எழுந்தது. எம்மிடம் பாடங்கேட்ட மாணாக்கனொருவன் மூன்று நாள் பந்தியில் இலையை மூடிவிட்டு எழுந்தான். அன்னத்தை இகழாதே என்று பலர் முன்னர்க் கடிந்தேம். அவன் தந்தையார் கடும்பிணியுற்றிருந்த செய்தி பின்னரே எமக்குத் தெரிந்தது. உனக்கு நேர்ந்தது யாதென்று அன்று வினவினேமில்லை.

திங்களூரில் நிகழ்ந்ததை அன்பர் அறிவர். அப்பூதியடிகள் மனையில் வாகீசர்க்குத் திருவமுது சமைந்தது. வாழைக்குருத்தரியச் சென்ற மூத்த மைந்தன் அரவு தீண்டி, குருத்தைத் தாய் கையிற் கொடுத்து வீழ்ந்து இறந்தான். துயர் தெரியின் அடியார் உண்ணார் என்று கருதியே பெற்றோர் உடலை மறைத்தனர். இவ்வரலாற்றைச் சொற்பொழிவாளர் அப்பூதியாரின் அன்பிற்கே எடுத்துக்காட்டி அமைவர். அது சாலும் என்று யாம் கொள்ளேம். நீறளிக்க மைந்தனை அழைத்த வாகீசர், அவன் இப்பொழுது உதவான் என்ற விடை கேட்டவுடன், உற்றது அறியாமுன்னரே உள்ளந் தடுமாறினார். உண்மை தெரிந்தபின், முதற்கண் உண்போம் என்றாரல்லர். எழுந்து, உடலைத் திருக்கோயில் முன் கொணர்வித்து, விடந்தீர்த்த பதிகம் பாடினார். மைந்தன் எழுந்தான்.

பெற்றோரோ அதற்கும் மகிழாது, அடியார் அமுது செய்தற்கு இவனால் இடையூறு நேர்ந்ததே என்று வருந்தினர். அவ்வருத்தத்தையும் வாகீசர் விட்டுவைத்தாரல்லர். மீண்டும் அம்மனைக்கு எழுந்தருளி, அப்பூதியாரையும் மைந்தரையும் உடனிருத்தி அமுது செய்தருளினார்.