பலனில் பற்றும் செயலில் உரிமையும்

அலுவலக மன அழுத்தத்துக்கு மருந்தாகக் கீதையின் கர்மயோகத்தைப் பரிந்துரைப்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். பலனில் பற்று வைக்காதே என்ற அறிவுரைக்கு முன்பே, செயலில் உனக்கு அதிகாரம் உண்டு என்ற உறுதி அங்கே நிற்கிறது. அந்த அதிகாரம் இல்லாதவரிடம் பற்றறுக்கச் சொல்வது என்ன நியாயம்? பிரிட்டன் அரசு ஊழியர்களிடம் 1985இல் தொடங்கிய இரண்டாம் வைட்ஹால் ஆய்வு, தன் வேலையைத் தானே தீர்மானிக்க வழியில்லாதவர்களுக்கு இதயநோய் அபாயம் கூடுதல் என்று கண்டது. இலக்கையும் நேரத்தையும் வேலைமுறையையும் பிறர் வகுக்க, பழியை மட்டும் சுமப்பவருக்கு அழுத்தம் பற்றினால் வருவதில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2019இல் பணிச்சோர்வை நோயாக அல்ல, வேலையோடு சேர்ந்த நிகழ்வாகவே வகைப்படுத்தியது.

அடிமையாக வாழ்ந்த கிரேக்கத் தத்துவஞானி எபிக்டெட்டஸே அகவிடுதலையைப் போதித்தாரே என்று கேட்கலாம். வலுவான கேள்வி. நம் வசத்தில் உள்ளதையும் இல்லாததையும் பிரித்தறிவது மனத்தைக் காக்கும். பதவி உயர்வு ஏக்கத்தில் உறக்கம் இழப்பவருக்கு அதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை. ஆனால் அது ஒருவர் தாமே தேர்ந்துகொள்ளும் பயிற்சி. ஆட்களைக் குறைத்து, எஞ்சியவர்களின் வேலையை இரட்டிப்பாக்கிவிட்டுத் தியான வகுப்பு நடத்தும் நிர்வாகம் அதைச் சொல்லும்போது, பலனைத் தன்னிடம் வைத்துக்கொண்டவரே பிறருக்குத் துறவு போதிக்கிறார். அர்ச்சுனனிடம்கூட, எல்லாம் சொல்லி முடித்தபின், ஆராய்ந்து விரும்பியபடி செய் என்றுதான் கண்ணன் விட்டான்.