முத்தெடுத்தவன்

1969-ல் நடிகர் ரிச்சர்ட் பர்ட்டன் ஒரு பேரிக்காய் வடிவ முத்தை 37,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்து, மனைவி எலிசபெத் டெய்லருக்குக் கொடுத்தார். பேர் 'லா பெரெக்ரினா'. ஒருநாள் ஓட்டல் அறையில் அது காணோம். அம்மணி தவித்துப்போய்த் தேடினால், நாய்க்குட்டி வாயில் இருக்கிறது! 2011-ல், அவர் மறைந்த பிறகு, அந்த முத்து கோத்த நெக்லஸ் ஒரு கோடியே 18 லட்சம் டாலருக்குப் போனது.

பின்னோக்கிப் போனால் ஜோசப் போனபார்ட், ஸ்பெயின் அரச குடும்பம், 16-ம் நூற்றாண்டு, பனாமா வளைகுடா. இங்கிலாந்து ராணி மேரி ஓவியங்களில் அணிந்திருப்பது இதுதான் என்று ரொம்ப நாள் நம்பினார்கள். 'இல்லை, அது வேறு முத்து' என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

சரி, கடலில் மூழ்கி எடுத்தது யார்? ஓர் ஆப்பிரிக்க அடிமை, பரிசாக விடுதலை கிடைத்தது என்று ஒரு கதை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், ஒரு மனிதனை அவனுக்கே திருப்பிக் கொடுப்பதற்குப் பேர் பரிசா? வெறுங்கையோடு மேலே வந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? மேலே வராமலே போனவர்களுக்கு?

இன்று எக்ஸ்ரே எடுத்தால் இயற்கை முத்தா, வளர்த்ததா தெரிந்துவிடும். துளி டி.என்.ஏ. கிடைத்தால் எந்த இனத்துச் சிப்பி என்றுகூடச் சொல்லலாம். எடுத்தவன் பேர் மட்டும் எந்தச் சோதனையிலும் வராது. வாங்கினவர்களையெல்லாம் எழுதிவைத்தார்கள், மூழ்கினவனை யாரும் எழுதவில்லை.

அடுத்த தடவை மியூசியத்தில் நகைக்குக் கீழே உள்ள அட்டையைப் படிக்கும்போது, முதல் பெயருக்கு மேலே ஒரு வரி காலியாக இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.